மாதிரிச் சவ்வு ஆய்வு: படிகமா, ஊசிமுனையா, நியூட்ரானா?

சிலிக்கா பரப்பின் மேல் லிப்பிட் (கொழுப்பு) மூலக்கூறுகளின் இரட்டைப் படலத்தை விரித்தால் கைக்கு அடக்கமான ஒரு செல்சவ்வு தயார். தடிமன் ஏறத்தாழ 4 நானோமீட்டர். தேனீ விஷத்தில் இருக்கும், சவ்வைத் துளைக்கும் மெலிட்டின் என்ற சிறு புரதத்தை அதன்மேல் விட்டால் என்ன ஆகும் என்று பார்க்க எந்தக் கருவியை நம்புவது?

என் ஓட்டு முதலில் கியூசிஎம்-டிக்கு. 5 மெகாஹெர்ட்ஸில் அதிரும் குவார்ட்ஸ் படிகம் அது; மேலே ஏறும் எடையை அதிர்வெண் மாற்றத்தால் நிறுக்கும் நுண்தராசு. அதிர்வெண் 1 ஹெர்ட்ஸ் குறைந்தால், சதுர சென்டிமீட்டருக்கு 17.7 நானோகிராம் ஏறியிருக்கிறது என்பது 1959-இல் சாவர்பிரே தந்த கணக்கு. லிப்பிட் குமிழ்களைச் செலுத்தியதும் அதிர்வெண் கோடு மளமளவென்று கீழே போகும். ஒரு பள்ளத்தைத் தொட்டுத் திரும்பி, 25 ஹெர்ட்ஸ் இறக்கத்தில் வந்து நிற்கும். குமிழ்கள் வயிறு நிறையத் தண்ணீரோடு வந்து ஒட்டி, நெரிசல் தாங்காமல் உடைந்து விரிவதுதான் அந்தப் பள்ளம். தங்கப் பரப்பில் அவை உடையாமல் அப்படியே உட்கார்ந்துவிடும், பள்ளமே வராது. (கோடு காரணமில்லாமல் குதித்தால் முதலில் காற்றுக்குமிழைத் தேடுங்கள். நான் ஒரு மதியத்தையே அதற்குத் தொலைத்திருக்கிறேன்.)

ஆனால் இந்தத் தராசு தண்ணீரையும் சேர்த்தே நிறுக்கும். மெலிட்டின் ஏறி லிப்பிட் கழன்றால் வரவும் செலவும் ஒன்றையொன்று மறைத்துவிடும்.

ஓட்டை விழுந்ததா என்பதற்கு ஏஎஃப்எம், அதாவது ஊசிமுனையால் பரப்பைத் தடவிப் பார்க்கும் அணுவிசை நுண்ணோக்கி. மேடு பள்ளம் எல்லாம் படமாகவே வரும். பார்ப்பது சில மைக்ரோமீட்டர் அகலம்தான். முனையின் அழுத்தமே மென்மையான படலத்தைக் குலைத்துவிடுவதும் உண்டு.

மெலிட்டின் லிப்பிட்டின் நீர்விரும்பும் தலைப்பகுதியில் நிற்கிறதா, உள்ளே இருக்கும் கொழுப்பு வால்களுக்குள் இறங்கிவிட்டதா? இதற்கு, படலத்தில் நியூட்ரான் கற்றையைப் பட்டுத் தெறிக்கவிட்டு அளக்கும் நியூட்ரான் எதிரொளிப்புதான் சரி. சாதா நீரும் கனநீரும் நியூட்ரானுக்கு வேறுவேறு. கனநீரை 38 சதவீதம் கலந்தால் நீரும் அடியில் இருக்கும் சிலிக்கானும் நியூட்ரானுக்கு ஒன்றாகிவிடும். படலம் மட்டும் தனித்துத் தெரியும். ஆனால் அணு உலையோ முடுக்கியோ வேண்டும். பிரான்ஸின் கிரெனோபிளில் உள்ள ஐஎல்எல் நியூட்ரான் ஆய்வகம் போன்ற இடத்துக்கு விண்ணப்பித்து மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கிடைக்கும் சில நாட்களை அரைகுறைப் படலத்தில் வீணடிக்கலாமா? அதனால்தான் படிகத்தில் ஒத்திகை பார்த்துவிட்டுப் போகச் சொல்கிறேன்.

இன்னொரு சிக்கல்: ஒரே நியூட்ரான் அளவீட்டு வளைவுக்கு இரண்டு கணக்கு மாதிரிகள் பொருந்தித் தொலைக்கும். படலத்தில் பத்தில் ஒரு பங்கு நீர் என்று கணக்கு சொன்னால், அது ஓட்டையில் நிற்கும் நீரா, படலம் முழுக்கக் கசிந்த நீரா? வளைவை எத்தனை முறை பொருத்தினாலும் விடை வராது. ஏஎஃப்எம் படத்தில் ஓட்டைகளை எண்ணினால் வந்துவிடும்.