மூளைப் படம் காட்டி ஓசிடியைக் குணமாக்குகிறோம் என்பவர்களிடம் பணம் கட்டாதீர்கள்

கடலூர், புதுச்சேரிப் பக்கம் வீட்டில் யாருக்காவது ஓசிடி (வேண்டாத எண்ணம் திரும்பத் திரும்ப வந்து, செய்ததையே மறுபடி மறுபடி செய்ய வைக்கும் மனநோய்) இருந்தால் தயவுசெய்து இதை முழுக்கப் படியுங்கள். புதுச்சேரியில் ஒரு 'பிரெய்ன் மேப்பிங்' சென்டரில் என் தம்பிக்காக 48,000 ரூபாய் கட்டினோம். பணம் போனதுகூடப் பரவாயில்லை. தேறிக்கொண்டிருந்த பையனின் மாத்திரையை நிறுத்தச் சொன்னார்களே, அதுதான் எனக்கு ஆறவே இல்லை.

தம்பி கல்லூரியில் படிக்கிறான். கேஸ் மூடியிருக்கிறதா, கதவு பூட்டியிருக்கிறதா என்று திரும்பத் திரும்பப் போய்ப் பார்ப்பான். கை கழுவப் போனால் லேசில் வெளியே வர மாட்டான். மாத்திரையில் இதெல்லாம் குறைந்து வந்தது. ஆனால் புத்தகத்தைத் திறந்தால் படித்த வரிக்கே மறுபடி மறுபடி போய்க்கொண்டிருந்தான். படிப்பில் கவனம் நிற்கவில்லையே என்று அம்மாவுக்குக் கவலை. அந்தக் கவலையை வைத்துத்தான் அவர்கள் காசு பார்த்தார்கள்.

தலையில் தொப்பியை மாட்டி, ஜெல் தடவி, மூளையின் மின் அலைகளைப் பதியும் இஇஜி எடுத்தார்கள். ஜெல் முடியில் ஒட்டுவது அவனுக்குத் தாங்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, கண்ணை இமைத்துக்கொண்டே, வாய்க்குள் எதையோ எண்ணிக்கொண்டிருந்தான். மெஷின் பக்கத்தில் இருந்த பெண் "ஆடாத தம்பி" என்றதோடு சரி. அப்புறம் ஒரு கலர் ரிப்போர்ட் வந்தது. நெற்றியிலும், காதுக்கு முன்னால் இரண்டு பக்கப் பொட்டிலும் சிவப்பு. "இந்தச் சிவப்புதான்மா ஓசிடி. 40 சிட்டிங்ல பச்சையாக்கிடலாம். மாத்திரை மூளையை மந்தமாக்கிடும், நிறுத்திடுங்க" என்றார் அங்கிருந்தவர். அவர் மனநல மருத்துவரே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

கண் இமைத்தால் நெற்றிப் பக்கமும், பல்லைக் கடித்தால் பொட்டுப் பக்கமும் இஇஜியில் அலை பெரிதாகப் பதியும். அதையெல்லாம் கழித்துவிட்டுத்தான் படிக்க வேண்டும். பின்னால் நாங்கள் காட்டிய மனநல மருத்துவர் அந்த ரிப்போர்ட்டைப் பார்த்ததும் முதலில் கேட்டதே, "எடுக்கும்போது பையன் சும்மா உட்கார்ந்திருந்தானா?" என்றுதான்.

ஓசிடி உள்ளவர்களின் மூளையில் வித்தியாசமே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஒரு தப்பு செய்த நொடியில், சுமார் 0.1 விநாடிக்குள், தலையின் முன் நடுப்பகுதியில் ஓர் அலை வரும். ஓசிடி உள்ளவர்களுக்கு அது சராசரியாகப் பெரிதாக இருப்பதை ஆராய்ச்சியாளர்கள் 2000 முதலே பதிவு செய்து வருகிறார்கள். 'ஏதோ தப்பாகிவிட்டது' என்ற மணி உள்ளே ஓயாமல் அடித்தால் கவனம் அதன் பின்னால்தானே போகும்? ஆனால் இது பலரைச் சேர்த்துப் பார்த்த சராசரி. நோய் இல்லாத அண்ணன் தம்பி, அக்கா தங்கைகளிடமும் இந்த அலை பெரிதாக இருந்திருக்கிறது. சிகிச்சையில் நன்றாகத் தேறிய பிள்ளைகளிடமும் அது குறையாமல் இருந்திருக்கிறது. அப்படியிருக்க, ஒருவர் தலையைப் படம் பிடித்து 'இதுதான் ஓசிடி' என்று எப்படிச் சொல்ல முடியும்? பச்சையாகிவிட்டால் குணம் என்று எப்படிச் சொல்ல முடியும்?

சிட்டிங்கில் நடந்தது இன்னும் மோசம். திரையில் ஒரு கார் ஓடும், கவனம் இருந்தால் வேகமாக ஓடும் என்றார்கள். ஒவ்வொரு தடவையும் முடிந்ததும் "சரியா பண்ணேனா?" என்று கேட்பான். "சூப்பர் தம்பி" என்பார்கள். வீட்டுக்கு வந்து என்னிடம் அதையே கேட்பான், ராத்திரி எழுப்பியும் கேட்பான். இந்த நோய்க்குத் தீனியே 'சரிதான், சரிதான்' என்று பிறர் கொடுக்கும் உறுதிதான். காசு வாங்கிக்கொண்டு அதை ஊட்டியிருக்கிறார்கள். மாத்திரையைத் திடீரென்று நிறுத்தியதில் தலைசுற்றல், தூக்கமின்மை, எதற்கெடுத்தாலும் எரிச்சல். கை கழுவுவதும் பழையபடி ஆரம்பித்தது.

இப்போது மாத்திரை மறுபடி தொடங்கியாகிவிட்டது. ஓசிடிக்கு இது முழுசாக வேலை செய்ய 8 முதல் 12 வாரம் ஆகும் என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். கூடவே பயிற்சி. கதவுப் பிடியைத் தொட வேண்டும், கை கழுவாமல் உட்கார வேண்டும், பதற்றம் தானாக இறங்கும்வரை பொறுக்க வேண்டும். நோயின் அளவைப் பார்க்க மெஷின் எதுவும் வைக்கவில்லை. யேல் பிரௌன் அளவுகோல் என்று 10 கேள்விகள், 40 மதிப்பெண். அவ்வளவுதான்.

பணம் கட்டுவதற்கு முன்னால் பதிவு எண்ணைக் கேளுங்கள். மனநல மருத்துவர் என்றால் மருத்துவக் கவுன்சில் பதிவு, கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சில் பதிவு. சுவரில் மாட்டியிருக்கும் சர்டிஃபிகேட்டைப் பார்த்து நம்பாதீர்கள். புதுச்சேரி கோரிமேட்டில் மத்திய அரசின் ஜிப்மர் மருத்துவமனையிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது. எங்கே போவதென்று தெரியாவிட்டால் 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம், இலவசம்.

"பேக்கேஜுக்கு ரிஃபண்ட் கிடையாது" என்கிறார்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கப் போகிறோம். நாம் கட்டிய பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது, 2 வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் கேட்கலாம். இப்படி வேறு யாராவது பணம் கட்டியிருந்தால் ரசீதையும் அந்தக் கலர் ரிப்போர்ட்டையும் பத்திரமாக வைத்திருங்கள். எங்களுக்கு அவர்கள் கொடுத்தது பதிவு எண்கூட இல்லாத ஒரு துண்டுச்சீட்டு. அதையும் புகாரோடு இணைக்கிறோம்.