ஆர்.எஸ்.வி.: தாய்க்குத் தடுப்பூசியா, குழந்தைக்கு எதிர்ப்பொருளா?

மூச்சுக்குழலையும் நுரையீரலையும் தாக்கும் ஆர்.எஸ்.வி. வைரஸ், பிறந்த குழந்தையின் எதிர்ப்பு அணுக்களுக்குப் புதிது. பழைய நினைவு கிடையாது. வைரஸைத் தடுக்க உடல் சுரக்கும் இன்டர்ஃபெரான் என்ற புரதமும் பெரியவர்களைவிடக் குறைவு. மூச்சுக்குழல்களோ மிகச் சிறியவை, கொஞ்சம் வீங்கினாலே குழந்தை திணறிப்போகும். அதனால் வெளியிலிருந்து உதவி வேண்டும். அமெரிக்காவில் 2023-இல் இரண்டு வழிகளுக்கு அனுமதி கிடைத்தது.

ஒன்று, கர்ப்பத்தின் 32 முதல் 36 வாரங்களுக்குள் தாய்க்குப் போடும் தடுப்பூசி. அதனால் தாயின் உடலில் உருவாகும் எதிர்ப்பொருள் (வைரஸைப் பிடித்து முடக்கும் புரதம்) நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போய்ச் சேரும். பிறந்த அன்றே பாதுகாப்பு, குழந்தைக்கு ஊசி வலியும் இல்லை. ஆனால் ஊசி போட்டு 14 நாட்களுக்குள் பிரசவமாகிவிட்டால் போதிய அளவு சேர்ந்திருக்காது.

அப்புறம் நிர்செவிமாப். இது தயார்நிலை எதிர்ப்பொருள். குழந்தையின் தொடையில் ஒரே ஊசி, 5 மாதமாவது காக்கும். குறைமாதக் குழந்தைக்கு இதையே நான் தேர்ந்தெடுப்பேன்.