ப்ளஸ் ஒன் புக்குக்கு காலேஜ்ல இருந்து ஒரு ரிவ்யூ

ஹெட்செட்டுக்கும் ஷூவுக்கும் பக்கம் பக்கமா ரிவ்யூ எழுதுறோம், வருஷா வருஷம் லட்சக்கணக்கான பசங்க கைக்குப் போற ஸ்டேட் போர்டு பதினொன்னாம் வகுப்பு புக்குக்கு மட்டும் ஒழுங்கா ஒரு ரிவ்யூ கண்ணுல படல, அதனால நானே எழுதிடறேன். நான் இன்ஜினியரிங் செகண்ட் இயர். மேக்ஸ் கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப்ல வந்தவன், அதனால மேக்ஸ், பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, சிஎஸ் நாலு பத்தித்தான் சொல்ல முடியும். காமர்ஸ், ஹிஸ்டரி குரூப் பசங்க மன்னிச்சுக்கோங்க, தெரியாததுக்கு ஸ்டார் போட எனக்கு வராது.

மொதல்ல மார்க்க சொல்லிடறேன். 5க்கு 4. புக்குக்குத்தான் இந்த 4, அதை ஸ்கூல்ல நடத்துற விதத்துக்கு மார்க் போட சொன்னா 1 போடவே யோசிப்பேன்.

இப்ப இருக்கிற புக் 2018-19ல வந்தது. அதுக்கு முன்னாடி பத்து வருஷத்துக்கும் மேல ஒரே பழைய சிலபஸ்தான் ஓடிட்டு இருந்துச்சு. புதுசுல ப்ளஸ் ஒன் மொதல்ல வந்து, அடுத்த வருஷம் ப்ளஸ் டூ வந்துச்சு, ரெண்டையும் சேத்து ஒரே தொடரா பாத்து எழுதியிருக்காங்க. இந்த விஷயம்தான் முக்கியம், ஆனா இதை ஸ்கூல்ல யாரும் சொல்லித்தர மாட்டாங்க. ப்ளஸ் ஒன் மேக்ஸ் ரெண்டாவது வால்யூம எடுத்துப் பாருங்க, லிமிட்ஸ், டிஃபரன்சியேஷன், இன்டக்ரேஷன் எல்லாம் ஆரம்பத்துல இருந்து பொறுமையா அதுலதான் இருக்கு. ப்ளஸ் டூ புக்குல போனா டைட்டிலே "அப்ளிகேஷன்ஸ்"னுதான் ஆரம்பிக்கும், இன்டக்ரேஷன்னா என்ன, பை பார்ட்ஸ் எப்படி பண்றதுன்னு திரும்ப உக்கார வெச்சு சொல்லித்தராது, உனக்கு தெரியும்னு நினைச்சுட்டு ஏரியா, கன அளவுன்னு போயிட்டே இருக்கும். ப்ளஸ் ஒன்ன தாண்டிட்டு நேரா ப்ளஸ் டூ படிக்கிறது அரிசியை ஊறப்போடாம மாவாட்ட உக்கார்ற மாதிரி, கிரைண்டர் சுத்தும், மாவு வராது.

அப்பறம் ஏன் தாண்டுறாங்க? கணக்கு சிம்பிள். இன்ஜினியரிங் கவுன்சிலிங் கட் ஆஃப் 200க்கு. மேக்ஸ் 100, பிசிக்ஸ் 50, கெமிஸ்ட்ரி 50. எல்லாமே ப்ளஸ் டூ மார்க், ப்ளஸ் ஒன்ல நீ என்ன எடுத்தாலும் அதுல ஒரு புள்ளி கூட ஏறாது இறங்காது. அதனால சில பிரைவேட் ஸ்கூல்ல ப்ளஸ் ஒன் வருஷத்துலயே ப்ளஸ் டூ போர்ஷன ஆரம்பிச்சு, அதையே ரெண்டு வருஷம் டெஸ்ட் மேல டெஸ்ட் வெச்சு தேய்ப்பாங்க. இதைத் தடுக்கத்தான் 2017-18ல ப்ளஸ் ஒன்னுக்கும் பப்ளிக் எக்ஸாம் கொண்டு வந்தாங்க, கூடவே 1200 மார்க்க 600ஆ மாத்தினாங்க. நாங்க எழுதினோம். இப்ப 2025-26ல இருந்து ப்ளஸ் ஒன் பப்ளிக் கிடையாதுன்னு எடுத்துட்டாங்க. பதினாறு வயசு பசங்களுக்கு வரிசையா மூணு வருஷம் பப்ளிக்னா கொடுமைதான், அதை எடுத்தது எனக்கு சந்தோஷம், என் தங்கச்சி இப்ப ப்ளஸ் ஒன், அவளுக்கு இன்னும் சந்தோஷம். ஆனா பயமும் இருக்கு, இனிமே இந்த புக்க அட்டை கசங்காம அப்படியே பரண்ல ஏத்திடுவாங்களோன்னு. இந்த ரிவ்யூவே அவளுக்காகத்தான்னு வெச்சுக்கோங்களேன்.

பிசிக்ஸ்ல இருந்து ஆரம்பிக்கிறேன், அதுதான் நாலுலயும் பெஸ்ட். மொதல் வால்யூம்ல அஞ்சாவது யூனிட், துகள்களாலான அமைப்பு, திண்மப்பொருள் இயக்கம்னு வரும். ரிஜிட் பாடி, சென்டர் ஆஃப் மாஸ், மொமன்ட் ஆஃப் இனர்ஷியா (ஒரு பொருள் சுழல எவ்வளவு முரண்டு பிடிக்கும்ங்கிற அளவு) எல்லாம் இங்கதான். ஸ்கூல்ல இது "கஷ்டமான யூனிட், சாய்ஸ்ல விட்டுடலாம்" லிஸ்ட்ல மொதல் ஆளு. இப்ப எங்க பேட்ச் படிக்கிற அண்ணா யுனிவர்சிட்டி 2021 ரெகுலேஷன்ல, அதாவது பாடத்திட்டத்துல, ஃபர்ஸ்ட் செமஸ்டர் இன்ஜினியரிங் பிசிக்ஸ் பேப்பரோட மொதல் யூனிட் என்ன தெரியுமா, மெக்கானிக்ஸ். அதே சென்டர் ஆஃப் மாஸ், அதே மொமன்ட் ஆஃப் இனர்ஷியா, அதே ரொட்டேஷன். எங்க கிளாஸ்ல சார் வந்து "இதெல்லாம் ஸ்கூல்ல படிச்சிருப்பீங்க"ன்னு சொல்லிட்டு நேரா டெரிவேஷனுக்குப் போயிட்டாரு, பாதி கிளாஸ் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துட்டு உக்காந்திருந்துச்சு. என் ரூம்மேட் ப்ளஸ் டூ பிசிக்ஸ்ல சென்டம், ஹாஸ்டல் ஸ்கூல்ல படிச்சவன், அந்த யூனிட்ட அவன் வாழ்க்கையில பாத்ததே இல்ல.

அந்த யூனிட்ல ஒரு கணக்கு இருக்கு, ஒரு வளையம், ஒரு தட்டு, ஒரு உள்ளீடற்ற கோளம், ஒரு திண்மக் கோளம், நாலுக்கும் ஒரே ஆரம், சாய்தளத்துல ஒரே நேரத்துல உருட்டி விட்டா எது மொதல்ல கீழ வரும்னு. திண்மக் கோளம்தான் மொதல்ல வரும், வளையம் கடைசி. எடை எவ்வளவுங்கிறதுக்கு இதுல வேலையே இல்ல, எடை மையத்துல இருந்து எவ்வளவு தள்ளிப் பரவியிருக்குங்கிறதுதான் விஷயம். இதை வீட்டுலயே ஒரு கோலிகுண்டும் ஒரு வளையலும் சாய்ச்ச பலகையும் வெச்சு பாத்துடலாம், ஆரம் வேற வேறயா இருந்தா கூட பரவால்ல, அப்பவும் குண்டுதான் ஜெயிக்கும். இந்த ஒரு கணக்கு மண்டையில ஏறிட்டா மொமன்ட் ஆஃப் இனர்ஷியான்னா என்னன்னு யாரும் தனியா சொல்லித்தர வேண்டாம். தங்கச்சிக்கு நான் மொதல்ல காட்டினது இந்தப் பக்கத்தத்தான், "அண்ணா எக்ஸாமுக்கு வருமா"ன்னு கேட்டா, சரி போன்னு விட்டுட்டேன்.

மேக்ஸுக்கு வருவோம். எங்க ஃபர்ஸ்ட் செம் பேப்பர் பேரே "மேட்ரிசஸ் அண்ட் கால்குலஸ்", அதோட அஸ்திவாரம் முழுக்க ப்ளஸ் ஒன் ரெண்டாவது வால்யூம்ல இருக்கு. மொதல் வால்யூம்ல காம்பினேட்டரிக்ஸும் கணிதத் தொகுத்தறிதலும் வர்ற நாலாவது சாப்டர மட்டும் யாரும் விடாதீங்க, கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்தா மூணாவது செமஸ்டர் டிஸ்க்ரீட் மேக்ஸ்ல அது திரும்ப வந்து நிக்கும், ப்ளேஸ்மென்ட் ஆப்டிட்யூட் டெஸ்ட்லயும் வரும், அங்க யோசிக்க டைமும் குடுக்க மாட்டாங்க. குறைன்னு பாத்தா, எக்சர்சைஸ்ல சில கணக்கு எடுத்துக்காட்டு கணக்கவிட ரொம்ப கஷ்டமா இருக்கும், பின்னாடி விடை மட்டும்தான் இருக்கும், வழி இருக்காது. அந்த இடத்துலதான் கைடு உள்ள வருது. கைடு வாங்காதீங்கன்னு நான் சொல்ல மாட்டேன், ஆனா கணக்க ஒரு தடவ நீங்களே முட்டிப் பாத்துட்டு அப்பறம் தொறங்க.

எங்க பேட்ச்ல ஒரு பொண்ணு, அரசுப் பள்ளி, 7.5 சதவீத இட ஒதுக்கீட்டுல வந்தவங்க. "கைடு வாங்க காசு இல்ல, அதனால புக்கையே படிச்சேன்"னு சிரிச்சுட்டே சொல்வாங்க. எக்சர்சைஸ் முழுக்க நோட்டுல போட்டு வெச்சிருக்காங்க, ப்ளஸ் ஒன் நோட்டையும் காலேஜுக்கு கொண்டு வந்துட்டாங்க. ஃபர்ஸ்ட் செம் இன்டர்னலுக்கு முந்தின நாள் அவங்க நோட்டு யார் கையில இருக்குன்னுதான் வாட்ஸ்அப் குரூப்ல தேடல் நடக்கும், கட் ஆஃப்ல அவங்கள விட மேல இருந்தவங்க எல்லாம் அந்த வரிசையில நின்னாங்க.

சிஎஸ் புக் சுமார்தான்னு எல்லாரும் சொல்வாங்க, எனக்கு அப்படித் தோணல. நம்பர் சிஸ்டம்ஸ், டூஸ் காம்ப்ளிமென்ட், பூலியன் அல்ஜிப்ரா, லாஜிக் கேட்ஸ் இதெல்லாம் சுத்தமா இருக்கு, மூணாவது செம்ல டிஜிட்டல் பேப்பர் படிக்கிறப்ப பாதி பாரம் குறைஞ்சிடும். ப்ளஸ் ஒன்ல சி பிளஸ் பிளஸ், ப்ளஸ் டூல பைத்தான். ஒரே பிரச்சனை, புரோகிராம மனப்பாடம் பண்ணி பேப்பர்ல எழுதியே ரெண்டு வருஷம் ஓட்டிடலாம், லேப்ல உக்காந்து டைப் பண்ணி எரர் வாங்கினாதான் அது உள்ள போகும், புக்க படிச்சா மட்டும் போகாது. கெமிஸ்ட்ரி பத்தி எனக்கு பெருசா சொல்ல இல்ல, தெர்மோடைனமிக்ஸ் நல்லா எழுதியிருக்காங்க, ஆர்கானிக் பத்தி நீட் எழுதினவங்கள கேளுங்க. நீட்டுக்கும் ஜேஇஇக்கும் ப்ளஸ் ஒன் போர்ஷனும் சேத்துத்தான் கேக்குறாங்க, அந்தப் பக்கம் போறவங்களுக்கு இந்த புக்க தாண்டுறதுங்கிற பேச்சே கிடையாது.

இன்னொன்னு, புக்கோட முன்பக்கங்கள். மேல என்ன படிக்கலாம், எந்த நுழைவுத் தேர்வு எழுதணும், ஆராய்ச்சி நிறுவனம் எதெல்லாம் இருக்குன்னு போட்டிருப்பாங்க, எல்லாரும் புரட்டிட்டு நேரா மொதல் யூனிட்டுக்குப் போயிடுவோம். ஹாஸ்டல்ல ஒரு நாள் ராத்திரி, ஸ்கூல் படிக்கிற உன்னைப் பாத்து ஒரு வார்த்தை சொல்லணும்னா என்ன சொல்வன்னு பேச்சு வந்துச்சு. நல்லா தூங்குடா, போன தூக்கிப் போடு, இங்கிலீஷ்ல பேசிப் பழகுன்னு ஆளுக்கு ஒன்னு சொன்னாங்க. மேக்ஸ்ல பைத்தியமா இருக்கிற ஒருத்தன் மட்டும் "முன்பக்கத்த படிடான்னு சொல்வேன்"னான். சிறுசேரியில சென்னை மேத்தமேட்டிகல் இன்ஸ்டிட்யூட்னு ஒன்னு இருக்கு, கணக்கையும் கம்ப்யூட்டர் சயின்ஸையும் சேத்து டிகிரி படிக்கலாம், அதுக்கு தனியா எக்ஸாம்னு அவனுக்கு காலேஜ் சேந்த பிறகுதான் தெரிஞ்சிருக்கு. அவன் வீடு செங்கல்பட்டு.

குறைகள் இன்னும் கொஞ்சம். கனம். வால்யூம் எல்லாத்தையும் ஒரே நாள்ல பையில போட்டா தோள்பட்டை போயிடும். பிசிக்ஸ்ல பக்கத்துக்குப் பக்கம் கட்டம் கட்டி தகவல், எது படிக்கணும் எது சும்மா தெரிஞ்சுக்கணும்னு ஆரம்பத்துல குழம்பும், ஒரு யூனிட் போனா பழகிடும். தமிழ் மீடியம் பசங்க இங்கிலீஷ் மீடியம் பிடிஎஃப்பையும் இறக்கி வெச்சுக்கோங்க, ஒரு யூனிட் முடிச்சதும் அதே யூனிட்ட அதுல சும்மா ஒரு தடவ ஓட்டிப் பாருங்க, ஃபர்ஸ்ட் இயர் மொதல் மாசம் அவ்வளவு மிரட்டாது.

வாங்குறது பத்தி. அரசு, அரசு உதவி பெறும் பள்ளின்னா இலவசம். பிடிஎஃப் எல்லாருக்குமே இலவசம், பாடநூல் கழகத்தோட வெப்சைட்லயே ரெண்டு மீடியமும் இருக்கு, வேற எந்த சைட்லயும் காசு கட்டி இறக்காதீங்க. பழைய புக் கிடைச்சாலும் தாராளமா வாங்கலாம், என் புக்கையும் தங்கச்சி புக்கையும் பக்கத்துல வெச்சுப் பாத்தேன், பாடம் அதேதான். பழசு வாங்கும்போது வால்யூம் ரெண்டும் இருக்கான்னு மட்டும் பாத்துக்கோங்க, பழைய புக் கடையில மொதல் வால்யூம் அடுக்கி வெச்சிருப்பாங்க, ரெண்டாவதுக்கு நல்லா தேடணும்.