கலாத்தியாவுக்கு எந்தத் தண்ணீர்? போர்வெல், ஒகேனக்கல், கேன், மழை

போன வருஷம் பிப்ரவரி கடைசியில் ஓசூர்ப் பக்கம் ஒரு நர்சரியிலிருந்து வீட்டுக்குள் அழகுக்கு வளர்க்கும் கலாத்தியா இலைச்செடிகள் நான்கு வாங்கி வந்தேன். ஆர்பிஃபோலியா வகையில் இரண்டு, மகோயானா வகையில் இரண்டு. அங்கே நிழல்வலைக்குக் கீழே, காலை பத்து மணிக்கும் ஈரம் காயாத தரையில், ஓர் இலையில்கூடக் குறையில்லாமல் நின்றவை. தருமபுரிக்கு 90 கிலோமீட்டர் போலத்தான் தூரம். ஆனால் ஓசூர் கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, தருமபுரி அதில் பாதிதான். மார்ச் பிறந்ததும் இங்கே வெயில் எப்படி ஏறும் என்று எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நான்காவது வாரம் இலை ஓரங்கள் கருகத் தொடங்கின. அப்பளம் எண்ணெயில் ஒரு நொடி கூடுதலாக இருந்துவிட்டால் ஓரம் மட்டும் சிவந்துபோகுமே, அந்த மாதிரி ஆர்பிஃபோலியாவின் வட்ட இலையைச் சுற்றி மெல்லிய பழுப்புக் கோடு. கோட்டுக்கு உள்பக்கம் மஞ்சள் நூல் ஒன்று. நடு இலை பச்சையாகத்தான் இருந்தது. காற்றில் ஈரம் போதவில்லை என்றார்கள் கேட்டவர்கள் எல்லோரும். தொட்டிகளை நெருக்கி வைத்தேன், கூழாங்கல் தட்டில் தண்ணீர் ஊற்றி அதன்மேல் நிறுத்தினேன், ஜன்னலுக்கு ஈரத்துணி கட்டினேன். கோடு அகலமாகிக்கொண்டேதான் போனது.

காரணத்தைச் சொன்னது அம்மா. பென்னாகரம் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து, அந்த ஊர்க் கிணற்றுத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர். முன்பற்களில் பழுப்புப் பட்டை உண்டு. இலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது தண்ணி பண்ற வேலை கண்ணு, என் பல்லைப் பாரு" என்றார். நிரந்தரப் பற்கள் உருவாகும் வயதில் ஃபுளோரைடு அதிகமுள்ள தண்ணீரைக் குடித்தால் பல்லில் அந்தப் பட்டை விழும், பிறகு போகாது. எங்கள் மாவட்டத்தில் இது வீட்டுக்கு வீடு தெரிந்த கதை. செடிக்கும் அதே கதைதான் என்று எனக்குத் தோன்றாமல் போயிருந்தது.

செடிக்கு ஊற்றிக்கொண்டிருந்த போர்வெல் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துக் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்தேன். ஃபுளோரைடு லிட்டருக்கு 2.1 மில்லிகிராம். குடிநீருக்கான இந்தியத் தர அளவு 1 மில்லிகிராம். வேறு வழியில்லாத இடத்தில் 1.5 வரை. கலாத்தியா, மராந்தா, டிரசீனா, ஸ்பைடர் பிளான்ட் போன்ற செடிகள் மனிதரைவிட நுணுக்கமானவை. ஒரு மில்லிகிராமே இவற்றின் இலையைக் காட்டிக்கொடுத்துவிடும். பல வீடுகளில் வரவேற்பறையில் கண்ணாடிக் குவளையில் நிற்கும் அதிர்ஷ்ட மூங்கிலும் டிரசீனா இனம்தான். நம் ஊரில் அதன் நுனி ஏன் எப்போதும் காய்ந்திருக்கிறது என்பதற்கும் இது ஒரு காரணமாக இருக்கலாம்.

எப்படி நடக்கிறது என்று புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது. ஃபுளோரைடு தண்ணீரோடு வேரில் ஏறி, தண்டு வழியாக இலை ஓரத்துக்குப் போய்ச் சேர்கிறது. அங்கே தண்ணீர் ஆவியாகிறது, ஃபுளோரைடு தங்கிவிடுகிறது. நாளுக்கு நாள் சேர்ந்து அந்த ஓரத்துச் செல்கள் சாகின்றன. வெயிலும் வறண்ட காற்றும் கூடக் கூட இலை அதிகம் ஆவி விடும், அதிகம் உறிஞ்சும், அதிகம் சேரும். ஓசூரின் குளிர்ச்சியிலிருந்து மார்ச் மாதத் தருமபுரிக்கு வந்த செடிக்கு நான் போர்த் தண்ணீரை ஊற்றியது இரட்டைச் சுமை. காற்றில் ஈரம் குறைவு என்றவர்கள் சொன்னதும் தவறில்லை. ஆனால் பாதிக் காரணத்தைத்தான் சொன்னார்கள்.

வெளிச்சம், தொட்டி பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நேர் வெயில் படாத, வடக்கு அல்லது கிழக்கு ஜன்னலிலிருந்து நாலடி தள்ளிய இடம் போதும். வந்த கையோடு தொட்டி மாற்ற வேண்டாம், ஒரு மாதமாவது நர்சரித் தொட்டியிலேயே இருக்கட்டும். மாற்றும்போது சூப்பர் பாஸ்பேட் மட்டும் கலக்காதீர்கள், அதிலேயே ஃபுளோரைடு உண்டு. இனி தண்ணீருக்கு வருகிறேன். எங்கள் வீட்டில் கிடைக்கிற நாலு வகையையும் ஊற்றிப் பார்த்திருக்கிறேன்.

போர்த் தண்ணீரைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் என் டிடிஎஸ் மீட்டரில் 1,100ஐத் தொடுகிறது, ஃபுளோரைடு மேலே சொன்ன அளவு. செம்பருத்தி, வாழை, முருங்கை எல்லாம் இந்தத் தண்ணீரில்தான் செழிக்கின்றன. கலாத்தியாவுக்கு மட்டும் ஆகாது. ஒரு ராத்திரி வாளியில் வைத்து ஊற்றினால் சரியாகிவிடும் என்பார்கள். குளோரின் அப்படிப் பறந்து போகும், ஃபுளோரைடு போகாது. கொதிக்க வைத்தால் தண்ணீர் வற்றி ஃபுளோரைடின் அடர்த்தி கூடத்தான் செய்யும்.

அடுத்தது ஒகேனக்கல் குடிநீர்த் திட்டத்தில் வரும் தண்ணீர். இந்தத் திட்டத்தின் முழுப் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் பாதிப்புக் குறைப்பு என்ற சொல் இருக்கிறது; அம்மாவின் பல்லில் பட்டை போட்டது அந்த ஃபுளோரோசிஸ்தான். ஜப்பான் கடனுதவியோடு கட்டி, 2013இல் தொடங்கி, தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களுக்கும் காவிரித் தண்ணீரைக் கொண்டுவந்த திட்டம். எங்கள் தலைமுறைப் பிள்ளைகளுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்பது அம்மாவின் பல்லைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். செடிக்கும் நல்ல தண்ணீர்தான். என் மீட்டரில் 250ஐ ஒட்டி வருகிறது. இரண்டு தொட்டிகளுக்கு ஏப்ரலிலிருந்து மே நடுவரை இதையே ஊற்றினேன். புதிதாக விட்ட இலைகளில் ஓரக்கோடு வரவில்லை, நுனி மட்டும் கடுகளவு காய்ந்திருந்தது.

சிக்கல் என் வீட்டுக் குழாயில் இருக்கிறது. ஒகேனக்கல் குழாயும் போர்க் குழாயும் ஒரே சம்ப்பில் விழுகின்றன. மேல் தொட்டியிலிருந்து வருவது எப்போதும் கலவைதான். ஒகேனக்கல் தண்ணீர் விட்டிருக்கிறார்கள் என்று நம்பிச் சமையலறைக் குழாயில் பிடித்து ஊற்றினால் பாதி போர்த் தண்ணீர் போயிருக்கும். கலப்பில்லாமல் ஊற்ற வேண்டுமென்றால், தண்ணீர் விடும் காலையில் எழுந்து, சம்ப்புக்குள் விழுவதற்கு முன் குழாய் வாயிலேயே குடத்தில் பிடிக்க வேண்டும். ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் வாடை போய்விடும். இரண்டுக்கும் தனித்தனித் தொட்டி வைத்திருக்கிற வீட்டுக்காரர்கள் யோசிக்கவே வேண்டாம், இதையே ஊற்றலாம்.

கேன் தண்ணீர், அதாவது ஆர்.ஓ. தண்ணீர். மற்ற இரண்டு தொட்டிகளுக்கு அதே நாட்களில் இதை ஊற்றினேன். பலன் சுத்தம். ஆர்.ஓ. சவ்வு ஃபுளோரைடில் பெரும்பகுதியைப் பிடித்துக்கொள்ளும். எங்கள் தெருவில் 20 லிட்டர் கேன் 35 ரூபாய், நான்கு செடிக்கு மாதம் ஒன்றரைக் கேன் ஆகும். பெரிய செலவு இல்லைதான். ஆனால் குடிக்க வாங்கின தண்ணீரைத் தொட்டியில் ஊற்றுவதை அம்மா ஒவ்வொரு முறையும் பார்த்துக்கொண்டு நிற்பார், எனக்கும் மனசு ஒப்பவில்லை. தண்ணீர் தூக்கி நடந்த தலைமுறை அது.

வீட்டிலேயே ஆர்.ஓ. மெஷின் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மெஷினிலிருந்து வெளியேறும் கழிவுநீரை வீணாக்காமல் செடிக்கு ஊற்றுவது நம்மிடம் நல்ல பழக்கம். இந்தச் செடிகளுக்கு மட்டும் அதைச் செய்யாதீர்கள். சவ்வு தடுத்த உப்பும் ஃபுளோரைடும் மொத்தமும் அந்தத் தண்ணீரில்தான் கூடி வருகிறது. எதிர்வீட்டு அக்கா ஸ்பைடர் பிளான்டுக்கு ஒரு வருஷமாக அதைத்தான் ஊற்றிக்கொண்டிருந்தார். இலை நுனி ஒவ்வொன்றும் விரல்கணு நீளத்துக்குக் காய்ந்திருந்தது. பாத்திரம் கழுவ மாற்றிக்கொண்டார், இப்போது வருகிற இலைகள் பரவாயில்லை.

மழைத் தண்ணீருக்கு வந்தாயிற்று. நான் முடிவு செய்து நிலைத்தது இதில்தான். செலவு ஒரே தடவைதான், ஆனால் பராமரிப்பு வேண்டும்.

2003இல் தமிழ்நாடு அரசு மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது அப்பா மாடியிலிருந்து குழாய் இறக்கிக் கிணற்றோரக் குழியில் விட்டிருந்தார். அந்தக் குழாயை இடுப்பு உயரத்தில் அறுத்து, ஒரு டீ இணைப்பு போட்டு, பக்கத்தில் 200 லிட்டர் நீல டிரம் ஒன்றை வைத்தேன். பழைய டிரம், 900 ரூபாய். வாங்கும்போது உள்ளே என்ன இருந்தது என்று கேட்டு வாங்குங்கள். உணவுப் பொருள் இருந்ததுதான் வேண்டும், ரசாயன டிரம் எவ்வளவு கழுவினாலும் வேண்டாம். பிளம்பர் கூலி, டீ இணைப்பு, அடைப்பான், அடியில் ஒரு குழாய் எல்லாம் சேர்த்து 700 ரூபாய் ஆனது. அதோடு செலவு முடிந்தது.

இவ்வளவு தண்ணீர் எங்கிருந்து வரும் என்று கேட்பார்கள். பத்தடிக்குப் பத்தடி மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 90 லிட்டருக்கு மேல் தண்ணீர். சிந்தியது, ஊறியது போக 80 வரும். மே மாதம் ஒரு நல்ல கோடை மழை இரண்டு சென்டிமீட்டர் பெய்தாலே அந்தச் சின்ன மாடிக்கு டிரம் முக்கால் நிறைந்துவிடும். செடிக்கு எவ்வளவு தேவை? ஆறு அங்குலத் தொட்டிக்கு ஒரு தடவை அரை லிட்டர், வாரம் இரண்டு தடவை. நான்கு தொட்டிக்கு வாரம் நான்கு லிட்டர். மாதம் ஒரு முறை தொட்டிக்கு இரண்டு லிட்டர் வீதம் ஊற்றி அடித்துளை வழியாக ஓடவிட்டு, மண்ணில் சேர்ந்த உப்பைக் கழுவுகிறேன். எல்லாம் சேர்த்து மாதம் 25 லிட்டர், வெயில் நாளில் 30. டிசம்பரில் நிறைந்து நின்ற டிரம் மே வரை தாங்கும்.

பராமரிப்பு என்று சொன்னது இதுதான். பருவத்தின் முதல் மழையை டிரம்முக்குள் விடக் கூடாது. மாடியில் எட்டு மாதமாகப் படிந்த தூசியும் புறா எச்சமும் அதில் வரும். பத்துப் பதினைந்து நிமிஷம் குழிக்கே ஓடவிட்டுப் பிறகு திருப்ப வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்கு மழை பிடித்தால் எழுந்துதான் ஆக வேண்டும். அப்புறம் கொசு. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். டிரம் வாயில் நைலான் கொசுவலையை இரண்டு மடிப்பாகப் போட்டுச் சைக்கிள் டியூபை அறுத்து இறுக்கிக் கட்டியிருக்கிறேன், அதற்கு மேல் மூடி. வலை கிழிந்திருக்கிறதா என்று ஞாயிற்றுக்கிழமை பார்ப்பேன். வெயில் பட்டால் பாசி பிடிக்கும், அதனால் டிரம்மைச் சாக்கால் சுற்றியிருக்கிறேன். வருஷத்துக்கு ஒரு முறை காலி செய்து தேய்த்துக் கழுவ வேண்டும். இவ்வளவுதான் வேலை.

மே நடுவில் முதல் டிரம் நிறைந்ததும், ஆர்பிஃபோலியாவில் ஒன்றையும் மகோயானாவில் ஒன்றையும் மழைத் தண்ணீருக்கு மாற்றினேன். மற்ற இரண்டும் பழையபடி ஒகேனக்கலிலும் கேனிலும் இருந்தன. ஒரே ஜன்னல், ஒரே மண். ஜூலையில் மழைத் தண்ணீர் ஆர்பிஃபோலியா ஓர் இலை விட்டது. வெற்றிலையைச் சுருட்டி நட்டு வைத்த மாதிரி வெளிர்ப் பச்சைச் சுருள், ஐந்து நாளில் மெல்லப் பிரிந்தது. விரல் வைத்து ஓரத்தைச் சுற்றித் தடவிப் பார்த்தேன்: எங்கும் சொரசொரப்பு இல்லை. இன்றுவரை அந்த இலையில் கோடு கிடையாது. கேன் தண்ணீர்ச் செடியும் ஏறக்குறைய அதே தரம்தான். ஒகேனக்கல் செடியின் நுனி காய்வது நின்றபாடில்லை, ஆனால் பார்ப்பவர் கண்ணில் படாத அளவு. நான்கே தொட்டிகள், ஒரே வருஷம். இதை வைத்து எல்லா வீட்டுக்கும் சட்டம் சொல்ல மாட்டேன். கேன் தண்ணீரிலும் மழைத் தண்ணீரிலும் சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு என்பதால் மாதம் ஒரு முறை மிக நீர்த்த உரக்கரைசல் கொடுக்கிறேன். இரண்டு மூன்று வருஷம் போனால் மண் எப்படி மாறும் என்பதை இனிமேல்தான் பார்க்க வேண்டும்.

தண்ணீரை மாற்றினால் பழைய இலை திருந்தும் என்று எதிர்பார்த்துவிடாதீர்கள். கருகிய ஓரம் பச்சையாகாது. பார்வைக்கு வேண்டுமானால் கத்தரிக்கோலால் வளைவாக வெட்டிவிடலாம். புதிதாக விடும் மூன்றாவது நான்காவது இலையை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அதற்கு மூன்று மாதம் பிடிக்கும். இன்னொரு அடையாளமும் உண்டு. கலாத்தியா இலைக்காம்பின் மேல் முனையில் சின்ன முட்டி ஒன்று இருக்கிறது. பொழுது சாய்ந்தால் அது இலைகளை மேலே தூக்கி நிறுத்தும், காலையில் இறக்கிவிடும். வந்த புதிதில் என் செடிகளில் அந்த அசைவு மந்தமாக இருந்தது. இப்போது அம்மா விளக்கு வைக்கிற நேரத்துக்கு நான்கும் இலைகளைத் தூக்கிவிடுகின்றன. "கை கூப்பிடுச்சு பாரு" என்று தினமும் சொல்கிறார்.

இந்த ஏப்ரலில் டிரம்மைத் தட்டிப் பார்த்தேன், ஒரு சாண் தண்ணீர் இருக்கிறது. ஐம்பது லிட்டர் போல வரும். கோடை மழை மே கடைசிவரை இழுத்தாலும் ஓட்டிவிடலாம். அதற்கு முன் தீர்ந்தால் ஒரு கேன் வாங்கிக்கொள்வேன். வாரம் ஒரு குடம் ஒகேனக்கல் தண்ணீரும் குழாய் வாயில் பிடித்துத் தனியாக வைத்திருக்கிறேன்.