ஆறு இலக்க எண்ணா, சாவியா? அலுவலகக் கணினிக்கு எங்கள் தேர்வு

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் குடும்பத்து லோரி கம்பெனி, தோட்டங்களிலிருந்து செம்பனைப் பழம் ஏற்றுகிறது. கணக்கு முழுவதும் அலுவலகக் கணினியில்தான். கணக்கு பார்க்கும் அக்கா மாதக் கடைசியில் வீட்டிலிருந்தே அதைத் திறப்பார்; அண்ணன் தோட்டத்திலிருந்து திறப்பார்.

இப்படித் தூரத்திலிருந்து கணினியைத் திறக்க உதவும் விண்டோஸ் வசதி ரிமோட் டெஸ்க்டாப். அதன் 3389 போர்ட்டை, அதாவது அது இணைப்பை ஏற்கும் வாசலை, இணையத்துக்குத் திறந்துவிட்டு, பாஸ்வேர்டை மட்டும் நம்புவது ஒரு தேர்வே அல்ல. அந்தப் போர்ட்டைத் தேடி அலையும் நிரல்கள் ஓய்வதே இல்லை. நாங்கள் அதை மூடிவிட்டு, எங்கள் கணினிகளை மட்டும் தனி வலையாக இணைக்கும் டெயில்ஸ்கேல் வழியாகப் போகிறோம். அதற்குத் தனிப் பாஸ்வேர்டு கிடையாது. எங்களுக்கு கூகுள் கணக்குதான் வாசல். ஆகவே அந்தக் கணக்குக்குப் பாஸ்வேர்டோடு இரண்டாவதாக என்ன பூட்டு என்பதுதான் கேள்வி.

எஸ்.எம்.எஸ்.ஸில் வரும் எண் வேண்டாம். 2022இலேயே மலேசிய மத்திய வங்கியான பேங்க் நெகாரா வங்கிகளை அதிலிருந்து விலகச் சொல்லிவிட்டது. தோட்டத்துக்குள் சிக்னலும் சரியாக இருக்காது.

மிச்சம் இரண்டு: கைப்பேசியில் ஆறு இலக்க எண் தரும் ஆத்தன்டிகேட்டர் செயலி, கணினியில் செருகும் யூ.எஸ்.பி. பாதுகாப்புச் சாவி. செயலி இலவசம், சிக்னல் இல்லாமலும் 30 விநாடிக்கு ஒரு புது எண் தரும். ஆனால் போலிப் பக்கத்தில் அந்த எண்ணைத் தட்டிவிட்டால், திருடன் உடனே அதை உண்மையான பக்கத்தில் போட்டு நுழைந்துவிடலாம். சாவி அப்படி ஏமாறாது; பதிவு செய்த இணைய முகவரிக்கு மட்டுமே பதில் சொல்லும்.

இருந்தாலும் நாங்கள் சாவி பக்கம் சாய்ந்ததற்குப் பெரிய காரணம் பராமரிப்பு. செயலி இருப்பது ஊழியரின் சொந்தக் கைப்பேசியில். கைப்பேசி உடைந்தாலோ மாற்றினாலோ, எண்களைப் புதியதற்கு மாற்றித் தரும்வரை வேலை நிற்கும். கூகுள் ஆத்தன்டிகேட்டர் 2023 முதல் எண்களுக்கான ரகசியத்தைக் கூகுள் கணக்கில் சேமிக்க விடுகிறது, சரி. ஆனால் கம்பெனியின் ரகசியம் அப்போது ஊழியரின் சொந்தக் கணக்கில் போய் உட்காரும். அவர் வேலையை விட்டுப் போனால் எல்லாவற்றையும் புதிதாகப் பதிய வேண்டும். பாதுகாப்புச் சாவி கம்பெனிச் சொத்து. போகிறவர் அலுவலகச் சாவியோடு இதையும் மேசையில் வைத்துவிட்டுப் போகலாம். பாஸ்வேர்டை மாற்றி அடுத்தவரிடம் கொடுத்துவிடலாம். கணக்குக்கு இரண்டு சாவி வாங்கிப் பதிந்து, ஒன்றை இரும்புப் பெட்டியில் வையுங்கள். செலவு இரட்டிப்புதான், ஆனால் தொலைந்த நாளில் வேலை நிற்காது.

ஒரு குறை உண்டு. டெயில்ஸ்கேல் ஒவ்வொரு முறையும் சாவியைக் கேட்காது. வழக்கமான அமைப்பில் 180 நாளுக்கு ஒரு முறைதான் மறுபடி உள்நுழையச் சொல்லும். மடிக்கணினி தொலைந்தால் உடனே நிர்வாகப் பக்கத்தில் அதை நீக்க வேண்டும். விண்டோஸில் நுழையும் ஒவ்வொரு முறையும் இரண்டாவது சரிபார்ப்பைக் கேட்க வேண்டுமென்றால் டுவோ என்ற சேவை இருக்கிறது; 10 பேர் வரை இலவசம். அதை நாங்கள் சும்மா போட்டுப் பார்த்ததோடு சரி, நாள்பட எப்படி உழைக்கும் என்று சொல்ல அது போதாது.

ஒரே ஆள் நடத்தும் கடைக்குச் செயலியே போதும். கைப்பேசி இல்லாதபோது நுழையக் கூகுள் தரும் மாற்றுக் குறியீடுகளைத் தாளில் எழுதிப் பூட்டி வையுங்கள். எதை எடுத்தாலும் கணக்கில் எஸ்.எம்.எஸ். வழியை மறக்காமல் நீக்கிவிடுங்கள். அது திறந்திருந்தால் திருடன் அந்த வழியையே பிடிப்பான்.