பச்சை இலை போட்ட டியூப்: குழந்தைகளுக்கான ‘இயற்கை’ப் பற்பசைகள் எப்படி இருக்கின்றன?

கோவையில் எங்கள் தெரு முனை மருந்துக் கடையில் குழந்தைகளுக்கான இயற்கைப் பற்பசை என்று கேட்டால் மேசை நிறைய எடுத்து வைப்பார்கள். எல்லாவற்றின் முன்பக்கத்திலும் பச்சை இலை, ஒரு பழம், சிரிக்கும் யானைக்குட்டி. பின்பக்கம் திருப்பி, பொடி எழுத்தில் இருக்கும் சேர்மானப் பட்டியலைப் படித்தால்தான் ஒன்று மற்றொன்றிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது என்பது தெரியும். நான்கரை வயது மகனுக்கும் ஒன்றேகால் வயது மகளுக்கும் இவற்றில் பலவற்றை வாங்கிப் பயன்படுத்தியிருக்கிறேன். இங்கே நிறுவனங்களைவிட வகைகளைப் பற்றியே அதிகம் எழுதுகிறேன். ஒரே பெயரில் வரும் டியூப்பிலேயே வயதுக்கு ஏற்ப உள்ளே இருப்பது மாறுகிறது. அட்டைப்பெட்டியின் படம் மட்டும் மாறுவதில்லை.

‘ஃபுளோரைடு இல்லாதது’ என்ற வாசகம்தான் இந்த டியூப்புகளின் முக்கிய விற்பனைச் சொல். ஃபுளோரைடு என்பது சொத்தையைத் தடுக்கப் பசையில் சேர்க்கப்படும் பொருள். அந்தப் பெயர் எனக்கு மிகவும் பழகியது. நான் பிறந்தது தர்மபுரி மாவட்டம், பாலக்கோடு பக்கம். எங்கள் பகுதியில் வளர்ந்தவர்களில் பலருக்கு முன்பற்களில் பழுப்புப் பட்டைகள் இருக்கும். என் அண்ணன் தன் கல்யாண ஆல்பத்தில் ஒரு படத்தில்கூட வாய் திறந்து சிரிக்கவில்லை. பாறைக்குள்ளிருந்து ஊறிவரும் ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃபுளோரைடு கரைந்திருக்கிறது. நிரந்தரப் பற்கள் ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் வயதில், அதாவது ஏறக்குறைய எட்டு வயது வரை, அது அளவுக்கு மீறி உடலுக்குள் போனால் பல்லின் வெளியடுக்கான எனாமல் சரியாக அமைவதில்லை. பிறகு எதைப் போட்டுத் தேய்த்தாலும் அந்தக் கறை போகாது. 2013இல் தொடங்கப்பட்ட ஒகேனக்கல் திட்டத்தின் முழுப் பெயரிலேயே குடிநீரோடு ஃபுளோரோசிஸ், அதாவது அதிக ஃபுளோரைடால் வரும் பாதிப்பு, அதன் தணிப்பும் சேர்ந்திருக்கிறது. இன்று அம்மா வீட்டுக் குழாயில் காவிரி நீர் வருகிறது. ஆனாலும் குழாய் வராத நாட்களில் தோட்டத்துக் கிணற்று நீரைக் குடத்தில் பிடித்து வைக்கும் பழக்கம் விடவில்லை.

இந்தப் பின்னணியில் என் அம்மா, “பிள்ளைகளுக்கு அந்த ஃபுளோரைடு பசையே வேண்டாம்” என்று சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் கோவையில் மகனுக்கு முதல் பல் முளைத்த பிறகு நாங்கள் பார்த்த குழந்தைகள் பல் மருத்துவர், என்ன பசை என்று கேட்பதற்கு முன்னால் என்ன தண்ணீர் என்று கேட்டார். எங்கள் வீட்டுக்கு வருவது சிறுவாணி அணை நீர், ஆழ்துளைக் கிணற்று நீர் அல்ல. அதைக் கேட்டுவிட்டு ஒரு தாளில் கணக்கு போட்டுக் காட்டினார். இயற்கையா, செயற்கையா என்று அட்டைப்பெட்டியை வைத்து நடக்கும் விவாதத்தைவிட அந்தக் கணக்கு எனக்கு ஆயிரம் மடங்கு பயன்பட்டது. அதை அப்படியே தருகிறேன்.

நம் நாட்டுச் சட்டப்படி ஃபுளோரைடு கலந்த பற்பசையில் அது 1000 பிபிஎம் அளவைத் தாண்டக் கூடாது. அந்த எண்ணை டியூப்பிலும் அட்டைப்பெட்டியிலும் அச்சிட வேண்டும். 1000 பிபிஎம் என்றால் ஒரு கிராம் பசையில் ஒரு மில்லிகிராம். மூன்று வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு அரிசிமணி அளவு பசை போதும் என்பது அமெரிக்கக் குழந்தைகள் பல் மருத்துவ அமைப்பின் பரிந்துரை. அது ஏறத்தாழ 0.1 கிராம். ஆக, குழந்தை துப்பத் தெரியாமல் அத்தனையையும் விழுங்கினாலும் உள்ளே போவது 0.1 மில்லிகிராம்தான். மூன்றிலிருந்து ஆறு வயது வரை பட்டாணி அளவு; அதில் 0.25 மில்லிகிராம். இப்போது தண்ணீருக்கு வாருங்கள். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கலாம், வேறு வழியே இல்லாத இடத்தில் 1.5 வரை அனுமதிக்கலாம் என்பது இந்தியத் தர அளவுகோல். அந்த மேல்வரம்பில் இருக்கும் தண்ணீரில் ஒரு லிட்டர் குடித்தால், பதினைந்து அரிசிமணிப் பசையை விழுங்கியதற்குச் சமம். அதற்கு மேலும் ஃபுளோரைடு உள்ள கிணறுகள் எங்கள் மாவட்டத்தில் உண்டு. எனவே பசையை மட்டும் மாற்றிவிட்டுத் தண்ணீரைப் பார்க்காமல் இருந்தால் பிள்ளைக்கு ஒரு நன்மையும் இல்லை.

ஆகவே எங்கள் வீட்டில் இரண்டு டியூப்புகள் உண்டு. கோவையில் தினமும் இரண்டு வேளை ஃபுளோரைடு உள்ள சாதாரணப் பசை: மகளுக்கு அரிசிமணி, மகனுக்குப் பட்டாணி. பசையை நானோ என் கணவரோதான் வைப்போம். டியூப்பைப் பிள்ளைகள் கையில் கொடுப்பதில்லை. விடுமுறைக்குப் பாலக்கோடு போகும்போது பையில் போவது ஃபுளோரைடு இல்லாத ஜெல். அங்கே இருக்கும் சில வாரங்களுக்கு மேலும் சேர்க்க வேண்டாம் என்பது எங்கள் மருத்துவரின் யோசனை. உங்கள் பிள்ளையின் பல்லில் ஏற்கெனவே சொத்தை இருந்தால் அவர் வேறு விதமாகச் சொல்லியிருப்பார், கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

அந்த ஜெல் வகைக்கு என் மதிப்பெண் நன்றாகவே இருக்கும். 50 கிராம் டியூப் சுமார் 180 ரூபாய். சேர்மானத்தில் நீர், கிளிசரின், சார்பிட்டால், சிலிக்கா, சைலிட்டால், கற்றாழைச் சாறு. நுரைக்கும் சோடியம் லாரில் சல்ஃபேட் இல்லை. நுரை குறைவாக இருப்பது சின்னக் குழந்தைக்கு உண்மையான வசதி. வாய் நிறைய நுரை சேர்ந்தால் மகளுக்கு ஓங்கரித்துக்கொண்டு வரும். இதில் அந்தத் தொல்லை இல்லை. புதினாக் காரமும் இல்லை. சைலிட்டால் இனிப்பாக இருந்தாலும் பல்லைச் சொத்தையாக்கும் நுண்ணுயிர்களால் அதை அமிலமாக மாற்ற முடியாது. ஆனால் அதனால் மட்டும் எனாமல் உறுதிப்படும் என்று நினைத்துக்கொள்ளக் கூடாது. பட்டியலின் கடைசியில் எங்கோ ஒளிந்திருக்கும் அளவுக்கு அவ்வளவு வேலை செய்யத் தெம்பு கிடையாது. பழ வாசனை அதிகமாக உள்ள வகைகளை நான் வாங்குவதை நிறுத்திவிட்டேன். மகன் அதைத் தின்பண்டமாக நினைத்துக் கேட்க ஆரம்பித்தான். பசை உணவு அல்ல என்று நான்கு வயதுப் பிள்ளைக்குப் புரியவைக்க அந்த வாசனையே தடையாக நிற்கிறது.

டியூப்பின் அடிப்பகுதியில் இருக்கும் நிறப்பட்டையைப் பார்த்து, பச்சை என்றால் இயற்கை, கறுப்பு என்றால் இரசாயனம் என்று ஒரு செய்தி எல்லாக் குடும்பக் குழுக்களிலும் சுற்றுகிறது. அது தவறு. டியூப்பை எங்கே வெட்டி மடிக்க வேண்டும் என்று தொழிற்சாலை இயந்திரத்துக்குக் காட்டும் அடையாளம்தான் அது.

ஃபுளோரைடு வேண்டவே வேண்டாம் என்று உறுதியாக இருக்கும் பெற்றோருக்கு நான் காட்டக்கூடிய வகை ஒன்றுதான்: ஹைட்ராக்ஸிஅபடைட் கலந்த பசை. நம் எனாமல் பெரும்பாலும் அந்தக் கனிமத்தால் ஆனது. ஜப்பானில் 1980இலேயே இப்படிப்பட்ட பசை விற்பனைக்கு வந்தது. 1993இல் சொத்தையைத் தடுக்கும் பொருளாக அங்கே அதற்கு அங்கீகாரமும் கிடைத்தது. விழுங்கினாலும் ஃபுளோரோசிஸ் வராது. இங்கே நான் வாங்கிய சிறிய டியூப் 350 ரூபாயைத் தாண்டியது. அது ஒரு குறை.

இனி பல்பொடி. இதைப் பற்றி நீளமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் இதன்மேல் பாசம். என் தலைமுறையில் ரோஸ் நிறக் கோபால் பல்பொடியை உள்ளங்கையில் கொட்டி, நாக்கில் கொஞ்சம், பல்லில் கொஞ்சம் என்று வளர்ந்தவர்கள் ஏராளம். மாமியார், “நம்ம பொடியைப் போட்டுத் தேய்த்தால் போதும் அம்மா” என்று சொல்லி டவுன்ஹால் பக்கம் ஒரு நாட்டு மருந்துக் கடையிலிருந்து வாங்கி வந்தார். கடையில் சொன்ன சேர்மானம்: கடுக்காய், கருவேலம்பட்டை, கிராம்பு, இந்துப்பு. பெரியவர்கள் ஈறுக்கு இந்தத் துவர்ப்பு இதமாக இருக்கிறது. அத்தை இன்றும் அதைத்தான் பயன்படுத்துகிறார். ஆனால் இரண்டு விரல்களுக்கு நடுவே வைத்துத் தேய்த்துப் பாருங்கள் அத்தை என்று நானே அவரிடம் கொடுத்தேன். மணல் போல நெருடியது. பால் பல்லின் எனாமல் நிரந்தரப் பல்லின் எனாமலைவிட மெலிதானது. அதன்மேல் இந்தக் கரகரப்பை விரலால் அழுத்தித் தேய்ப்பது சரியல்ல என்று அவரும் ஒப்புக்கொண்டார். பொட்டலத்தில் சேர்மானமோ தயாரித்த தேதியோ எழுதப்படவில்லை. குழந்தை பொடியை மூச்சோடு உள்ளே இழுத்துவிட்டால் இருமித் தீர்க்கும். இப்படிப்பட்ட பொடிகளில் சேரக்கூடிய கிராம்பு எண்ணெயும் கற்பூரமும் சிறு குழந்தை விழுங்கக் கூடாதவை. இன்னொன்று: பல்பொடியிலும் பற்பசையிலும் புகையிலை சேர்ப்பது 1992இலேயே தடை செய்யப்பட்டது. என்றாலும் பெயரில்லாப் பொட்டலத்தில் எது இருக்கிறது என்று யார் உறுதி தருவது? ஆறு வயதுக்குள் எந்தப் பொடியும் வேண்டாம் என்பது என் முடிவு.

பெரியவர்களுக்கான மூலிகைப் பசைகளையும் இதே வரிசையில் வைக்கிறேன். டாபர் ரெட் எங்கள் வீட்டில் என் கணவருக்குப் பிடித்தது. அதில் சுக்கு, மிளகு, திப்பிலி, கிராம்பு எண்ணெய், கற்பூரம் இருக்கின்றன. பெரியவர் வாய்க்கு அது சுறுசுறுப்பு. குழந்தை நாக்குக்கு எரிச்சல். கரிப்பசை, உப்பும் எலுமிச்சையும் என்ற வைத்தியம் இரண்டும் குழந்தைகளுக்குப் பக்கத்திலேயே வரக் கூடாது. முதலாவது தேய்க்கும், இரண்டாவது அரிக்கும்.

பல் முளைக்கும் நேரத்துக்கென்று இயற்கை மாத்திரைகள் இணையத்தில் விற்கிறார்கள். மகளுக்கு முதல் பற்கள் வந்தபோது உறவினர் ஒருவர் வெளிநாட்டிலிருந்து வாங்கி வந்து கொடுத்தார். பிரித்துக்கூடப் பார்க்காமல் ஒதுக்கிவிட்டேன். இப்படிப்பட்ட ஹோமியோபதி மாத்திரைகள் சிலவற்றில் பெல்லடோனா என்ற நச்சுத் தாவரத்தின் சாறு குறிப்பிட்டதைவிட அதிகமாக இருந்ததை 2017இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு சோதனையில் கண்டறிந்து அறிவித்தது. கழுவிக் குளிர வைத்த துணியை மெல்லக் கொடுத்தோம்; போதுமானதாக இருந்தது.

உண்மையிலேயே இயற்கையானதும் செலவில்லாததும் பழைய வேட்டித் துணிதான். துவைத்துக் காயவைத்த பருத்தித் துணியை விரலில் சுற்றி, வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, இரவுப் பால் குடித்த பிறகு ஈறையும் முளைத்த பல்லையும் துடைத்துவிடுவேன். சிலிக்கான் விரல் பிரஷ் 90 ரூபாய்க்கு வாங்கினேன். முன்பற்கள் இரண்டு மட்டும் இருந்தவரை நன்றாக வேலை செய்தது. கடைவாய்ப் பல் எட்டிப்பார்த்ததும் என் விரலுக்குத்தான் ஆபத்து வந்தது. அப்போது சிறிய தலையுள்ள பிரஷ்ஷுக்கு மாறிவிட வேண்டும். பால் பல் விழத்தானே போகிறது என்று அலட்சியம் செய்பவர்களிடம் எனக்குக் கோபமே வருகிறது. கடைவாய்ப் பால் பற்கள் பத்து, பன்னிரண்டு வயது வரை வாயில் இருந்து சோறு மெல்ல வேண்டியவை.

மூங்கில் பிரஷ் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். 70 ரூபாய். கைப்பிடி மூங்கில், நார் பெரும்பாலும் நைலான்தான். இயற்கை நார் என்று போட்டிருந்தால் அது பன்றி முடியாக இருக்கக்கூடும். நுண்ணுயிர்கள் தங்கவும் இடம் தரும், சைவ வீட்டினர் கேட்டு வாங்குவது நல்லது. கைப்பிடி ஈரக் கோப்பையில் நின்றால் அடி கறுத்துப் பூஞ்சை பிடிக்கிறது. பிரஷ்ஷைக் கடிக்கும் வயதுப் பிள்ளைக்குச் சிலாம்பும் பயம். மகனுக்கு இப்போது ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கிறேன், உலர வைக்கத் துளையுள்ள தாங்கியில் படுக்க வைக்கிறோம். மகளுக்குப் பிளாஸ்டிக் பிடிதான்.

போர் தண்ணீர் குடிக்கும் வீட்டில் இருப்பவர்கள் எந்த டியூப்பை வாங்குவதற்கும் முன்னால் தண்ணீரைச் சோதித்துவிடுங்கள். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டங்களில் ஆய்வுக்கூடங்கள் உண்டு. கட்டணம் வாங்கிக்கொண்டு பொதுமக்கள் கொண்டுவரும் தண்ணீரையும் பரிசோதித்துத் தருகிறார்கள். சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலை அதே தண்ணீரால் அலசிவிட்டு நிரப்பிக்கொண்டு போங்கள். முடிவில் ஃபுளோரைடு அதிகம் என்று வந்தால் கொதிக்க வைத்துப் பயனில்லை. நீர் ஆவியாகும்போது மிச்சத்தில் அது இன்னும் செறிந்துவிடும். ஆர்.ஓ. வடிகட்டி அதைப் பெருமளவு நீக்கும். அம்மா வீட்டில் சமையலுக்கும் பிள்ளைகள் குடிக்கவும் இப்போது அந்தத் தண்ணீரைத்தான் எடுக்கிறார்கள். கிணற்றுக் குடம் பாத்திரம் துலக்க மட்டும்.