குளுக்கோஸ் பாட்டிலா, ஓ.ஆர்.எஸ். பொட்டலமா?

சித்திரை வெயில் ஏறியதும் அம்பாசமுத்திரம், பேட்டை, மேலப்பாளையம் என எந்தக் கிளினிக்கிலும் கேட்கும் வேண்டுகோள் இதுதான்: “டாக்டர், ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றிவிடுங்கள்.” பேதிக்கும் அதே பாட்டில், அசதிக்கும் அதே பாட்டில். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்பு-சர்க்கரைப் பொடி) பொட்டலத்தைப் பலர் மருந்தாகவே மதிப்பதில்லை. இது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

குளுக்கோஸ் பாட்டில் என்பது டெக்ஸ்ட்ரோஸ், அதாவது குளுக்கோஸ், கரைந்த தண்ணீர்தான். அரை லிட்டர் ஐந்து சதவீத டெக்ஸ்ட்ரோஸில் இருப்பது 25 கிராம் சர்க்கரை. இரண்டு இட்லி தரும் சக்தியைவிடப் பெரிதாக ஒன்றும் இல்லை. உப்பு அறவே கிடையாது. பேதியிலோ நீரோடு சோடியமும் பொட்டாசியமும் சேர்ந்தே வெளியேறுகின்றன. உலக சுகாதார நிறுவனம் வகுத்த ஓ.ஆர்.எஸ். கரைசலில் லிட்டருக்கு உப்பு 2.6 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5, சிட்ரேட் 2.9, குளுக்கோஸ் 13.5 கிராம் உண்டு. குடலில் குளுக்கோஸ் உள்ளே போகும்போது சோடியத்தையும் கூட்டிச் செல்கிறது, தண்ணீர் பின்தொடர்கிறது. பேதி நடக்கும்போதும் இந்த வழி அடைபடுவதில்லை. 1971-ல் வங்க எல்லையில் பன்காவ் அகதி முகாமில் காலரா பரவி, நரம்பில் ஏற்றும் பாட்டில்கள் போதாமல் போனபோது டாக்டர் திலீப் மகலனாபிஸ் இந்த வாய்வழிக் கரைசலால்தான் ஏராளமான உயிர்களைக் காத்தார்.

நோயாளி மயங்கிக் கிடந்தால், குடித்ததெல்லாம் வாந்தியானால், கண் குழிந்து சிறுநீர் நின்றுபோனால் பேச்சே இல்லை: உடனே பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு மருத்துவமனைக்கோ அருகிலுள்ள மருத்துவமனைக்கோ ஓட வேண்டும். அங்கே ஏற்றுவது பெரும்பாலும் ரிங்கர் லாக்டேட் என்ற உப்புகள் கலந்த கரைசல். அந்த நேரத்தில் அதற்கு இணை எதுவும் இல்லை.

மற்ற நேரங்களில் பாட்டில் ஏற்றினால் வீண் ஆபத்துதான்: ஊசி குத்திய இடம் வீங்கலாம், கிருமி நுழையலாம். இதயமும் சிறுநீரகமும் பலவீனமானவர்களுக்கு நுரையீரலில் நீர் கோக்கலாம். சர்க்கரை நோயாளிக்கு டெக்ஸ்ட்ரோஸ் ஏற்றினால் என்ன ஆகும் என்று சொல்லவே வேண்டாம். பாட்டிலில் மஞ்சளாகக் கலக்கும் பி வைட்டமினும், நன்றாகச் சாப்பிடுகிறவருக்கு மிஞ்சியது சிறுநீரில் போய்விடும்.

என் தேர்வு பொட்டலம்தான், ஒரு நிபந்தனையோடு. பாதியைத் தம்ளரில் கொட்டிக் கலக்கக் கூடாது; உறையில் சொன்ன அளவு தண்ணீரில் முழுவதையும் கரைத்து, 24 மணி நேரத்துக்குள் குடித்துவிட வேண்டும். குழந்தை வாந்தியெடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, கரண்டி கரண்டியாகக் கொடுங்கள்.